பிளாஸ்மா கொடுத்தவர்களும் தேடி அலைந்தவர்களும்



 



சென்ற வாரம் அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரர் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார். சொல்லுங்கள் பாய் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்:

"2021 மே மாசம் எங்க அத்தா கொரோனாவுல ஆஸ்பத்திரியில இருந்தாங்க. மூச்சு ரொம்ப மோசம். பிளாஸ்மா கிடைச்சா கொண்டு வாங்கன்னு சொன்னாங்க. ரெண்டு ராத்திரி சேலம், ஈரோடு, கோயம்புத்தூர்னு தெரிஞ்ச நம்பருக்கெல்லாம் போன் போட்டேன். மூணாம் நாள் ஒருத்தர் கொடுக்கறேன்னு ஒத்துக்கிட்டார். அவர் வண்டி ஏறுறதுக்குள்ள அத்தா மவுத்தாயிட்டாங்க. நான் ஒரு நாள் முன்னாடியே தேடியிருந்தா அத்தா இருந்திருப்பாங்க ஹஜ்ரத். இதுக்கு கியாமத்துல அல்லாஹ் என்னைக் கேப்பானா?"

நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். "நீங்க அப்ப வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ போட்டிருந்தீங்க. கொரோனாவுக்கு ஷிஃபாவை அல்லாஹ் நம்ம ஜமாஅத் ஆளுங்க ரத்தத்துலயே வச்சுட்டான்னு. அத கேட்டதுலேர்ந்துதான் எனக்கு பிளாஸ்மா மேல அவ்வளவு நம்பிக்கை."

உண்மைதான், அந்த ஆடியோவைப் போட்டவன் நான்தான். எனவே இன்றைய பயான் அவருக்கான பதிலும் என்னுடைய திருத்தமும் ஆகும். இரண்டையும் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், பிளாஸ்மா என்றால் என்ன, நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு என்றால் என்ன என்பதை முதலில் பேசியாக வேண்டும். பள்ளிவாசலில் எதற்கு இந்தப் பாடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பூமியில் அத்தாட்சிகள் இருப்பதைச் சொன்ன உடனே, உங்களுக்குள்ளேயும் இருக்கின்றன, பார்க்க மாட்டீர்களா என்று கேட்கிறான் அல்லாஹ். அத்தாரியாத் சூராவின் 20, 21ஆம் வசனங்களை வீட்டுக்குப் போய் ஓதிப் பாருங்கள்.

ஒரு கண்ணாடிக் குழாய் இரத்தம்

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கலந்த ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை எடுத்து அசையாமல் நிறுத்தி வையுங்கள். நேரம் ஆக ஆக சிவப்பு அடியில் இறங்கிவிடும். மேலே வெளிர் மஞ்சளாக, வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் தெளிந்து நிற்கும். அதுதான் பிளாஸ்மா. மொத்த இரத்தத்தில் ஏறக்குறைய 55 சதவீதம் அதுவே. சிவப்பைப் பார்த்துத்தான் நாம் இரத்தம் என்கிறோம். ஆனால் பாதிக்கு மேல் சிவப்பே இல்லை.

அந்த மஞ்சள் நீரில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். மீதியில்தான் எல்லாமே இருக்கிறது: சோடியம் உப்பு, சர்க்கரை, கொழுப்பு, ஹார்மோன்கள், சிறுநீரகத்துக்குப் போக வேண்டிய கழிவான யூரியா. இவற்றோடு புரதங்கள், 100 மில்லியில் 6 முதல் 8 கிராம் வரை.

அந்தப் புரதங்களில் பாதிக்கு மேல் ஆல்புமின். கல்லீரல் அதை உண்டாக்குகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளங்க வைப்பது சுலபம். நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகள் வரை போகிறது; அதை உடைத்தால் வரும் வெள்ளைக்கருவுக்கு லத்தீனில் வைத்த பெயரிலிருந்துதான் ஆல்புமின் என்ற பெயரே வந்தது. முட்டையில் இருக்கும் புரதமும் நம் இரத்தத்தில் இருக்கும் புரதமும் ஒன்றல்ல, பெயர்தான் ஒன்று. இரத்தத்தில் இருக்கும் ஆல்புமினின் முக்கிய வேலை தண்ணீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைப்பது. அது குறைந்தால் தண்ணீர் வெளியே கசிந்து கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்கு வயிறு ஏன் உப்புகிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு புரதம் ஃபைப்ரினோஜன். காயம் பட்டால் வலை பின்னி இரத்தத்தை உறைய வைப்பது அதுதான். மூன்றாவது குளோபுலின்கள். நோய்க்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. 2020இல் உலகமே ஓடித் தேடியது இதைத்தான். ஒருவருக்கு நோய் வந்து குணமானால் அவருடைய பிளாஸ்மாவில் அந்தக் கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கும் எதிர்ப்புப் பொருள் மிதக்கும். அதை எடுத்து இன்னொரு நோயாளிக்கு ஏற்றினால் என்ன என்பது பழைய யோசனை. 1890இல் பெஹ்ரிங் என்ற ஜெர்மானியரும் கிடஸாடோ என்ற ஜப்பானியரும் இந்த வழியில்தான் தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகியவற்றுக்கு மருந்து கண்டார்கள்.

மேட்டூர் அணைபோல ஒரு சவ்வு

இனி சவ்வு. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மெல்லிய சுவர் உண்டு. எவ்வளவு மெல்லியது? அதைப் போல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் வரும். அதன் மூலப்பொருளும் முட்டையில் இருக்கிறது, மஞ்சள் கருவில். லெசித்தின் என்று பெயர். 1840களில் கோப்லே என்ற பிரெஞ்சு மருந்தியலாளர் மஞ்சள் கருவிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார். இதன் தலைப்பக்கம் தண்ணீரை விரும்பும், வால்பக்கம் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். தண்ணீரில் விட்டால் இது தானாகவே இரண்டு வரிசையாக நின்றுகொள்ளும்: தலைகள் இரண்டு பக்கமும் வெளியே தண்ணீரைப் பார்த்து, வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்து.

இது இரண்டு வரிசை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்து, தண்ணீர்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு பரப்பு வந்தது. அப்படியென்றால் சுவர் இரண்டடுக்கு. கணக்கில் சில சிறு பிழைகள் இருந்தன என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆனால் முடிவு சரியாகவே நின்றது.

சுவர் மட்டும் இருந்தால் செல் செத்துப்போகும். மேட்டூர் அணையில் மதகு இல்லாவிட்டால் டெல்டாவுக்குத் தண்ணீர் ஏது? சவ்விலும் மதகுகள் உண்டு. தண்ணீருக்கென்றே தனி மதகு இருப்பதை 1992இல் பீட்டர் ஆகர் உறுதிப்படுத்தினார். அதற்காக 2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உப்புக்கு மோட்டார்போல இறைக்கும் பம்பு உண்டு: 3 சோடியத்தை வெளியே தள்ளும்போது 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். அதனால்தான் வெளியே பிளாஸ்மாவில் சோடியம் அதிகம், செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம். இந்த பம்பு இரவு பகலாக ஓடுகிறது. நாம் தூங்கும்போதும், பயான் கேட்டுக்கொண்டே கண்ணயரும்போதும்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்லிவிடுகிறேன். அர்ரஹ்மான் சூராவில் இரண்டு கடல்களும் சந்திக்கின்றன, ஒன்றையொன்று மீறாதபடி நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது என்று வருகிறதல்லவா, அது செல் சவ்வைத்தான் சொல்கிறது என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. தஃப்ஸீர் இமாம்கள் யாரும் அப்படிச் சொன்னதாக நான் பார்க்கவில்லை. அந்த வசனத்தைக் கேட்கும்போது உங்கள் மனசு சவ்வை நினைத்து சுப்ஹானல்லாஹ் சொன்னால் நல்லது, தவறில்லை. ஆனால் குர்ஆன் சவ்வின் அமைப்பை முன்பே சொல்லிவிட்டது என்று மேடையில் முழங்க வேண்டாம். விஞ்ஞானப் புத்தகம் பத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படும். அல்லாஹ்வின் கலாமை அதோடு கட்டிப் போட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

உங்கள் இரத்தம் எந்தப் பிரிவு என்பது சிவப்பணுவின் சவ்வில் எழுதப்பட்டிருக்கிறது. ஏ பிரிவு என்றால் சவ்வின்மேல் ஏ என்ற அடையாளம் நிற்கும். அவருடைய பிளாஸ்மாவில் பி-யை எதிர்க்கும் பொருள் மிதக்கும். ஓ பிரிவுக்குச் சவ்வில் இந்த இரண்டு அடையாளமும் இல்லை, அதனால் அவசரத்தில் ஓ நெகட்டிவ் சிவப்பணுவை யாருக்கும் ஏற்றுகிறார்கள். பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ். ஏபி பிரிவுக்காரரின் பிளாஸ்மாவில் எதிர்ப்பு எதுவும் இல்லை. அதை எல்லோருக்கும் ஏற்றலாம். நான் ஏபி, என் இரத்தம் யாருக்குப் பயன்படப் போகிறது என்று ஒதுங்கும் சகோதரர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்தில் அந்த மார்ச் மாதம்

2020 மார்ச்சை யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்தோனேசியாவிலிருந்து வந்திருந்த தப்லீக் ஜமாஅத்தார் நம் சேலத்தில் தங்கியிருந்தார்கள். மார்ச் 22இல் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். 25ஆம் தேதி, அவர்களில் 4 பேருக்கும், கூட வந்த சென்னை வழிகாட்டி ஒருவருக்கும் கொரோனா என்று அரசு அறிவித்தது. அதற்குச் சில நாளில் டெல்லி மர்கஸ் செய்தி வந்தது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தொப்பி போட்டவன் தள்ளுவண்டியில் காய் விற்றால் வாங்க ஆளில்லை. நோய் ஒரு கிருமி என்பதே மறந்து, அதற்கு ஒரு மதத்தின் பெயர் வந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 21இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தார்மீது போட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற கருத்தைப் பதிவு செய்தது.

அந்தக் கிருமியைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. அதற்கென்று சொந்தச் சட்டை கிடையாது. நம் செல்லுக்குள் நுழைந்து, பெருகி, வெளியேறும்போது நம் செல்லின் சவ்விலிருந்தே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போகிறது. சோப்பு பட்டால் அந்தக் கொழுப்புச் சட்டை கரைந்து கிருமி செத்துவிடும். ஒளூ செய்கிறோமே, சோப்பு எதற்கு என்று அப்போது சிலர் கேட்டார்கள். கொழுப்பைத் தண்ணீர் மட்டும் கரைக்காது. பிரியாணிச் சட்டி கழுவிய நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஏப்ரல் கடைசியில், குணமான தப்லீக் சகோதரர்கள் டெல்லியில் பிளாஸ்மா கொடுக்க வரிசையில் நின்றார்கள். குணமானவர்கள் கொடுக்க வேண்டும் என்று மவ்லானா ஸஅத் அவர்களும் கடிதம் எழுதினார்கள். கொடுத்தவர்களில் நம் தமிழ்நாட்டவரும் இருந்தார்கள். ரமளான் மாதம், பல நாள் அடைபட்டுக் கிடந்த உடம்பு, ஊர் முழுக்கத் தங்களைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரம். அப்போதும், எந்த மதத்துக்காரருக்குப் போகிறது என்று கேட்காமல் கையை நீட்டினார்கள். ஜூலை 22இல் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறந்த பிறகு நம் மாநிலத்திலும் பலர் கொடுத்தார்கள்.

அந்தப் பெருமிதத்தில்தான் நான் அந்த ஆடியோவைப் பேசினேன்.

ஆய்வு சொன்னது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை நாடெங்கும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து முறையாக ஆராய்ந்தது. 235 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவும் கொடுத்தார்கள். 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் பிளாஸ்மா பெற்றவர்களில் 34 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 31 பேர். நூற்றுக்கு 15, நூற்றுக்கு 14. ஒரு வித்தியாசமும் இல்லை. அக்டோபரில் முடிவு வெளிவந்தது. பிறகு இங்கிலாந்தில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இன்னும் பெரிதாகச் செய்தார்கள். இரண்டு பக்கமும் 24 சதவீதம்.

ஏன் பயன் தரவில்லை? ஒரு காரணம், கிருமி சவ்வுக்கு வெளியே பிளாஸ்மாவில் திரியும்போதுதான் எதிர்ப்புப் பொருளால் அதைப் பிடிக்க முடியும். நோயாளி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேரும் நேரத்தில் கிருமி ஏற்கனவே செல்லுக்குள் புகுந்து வேலையை முடித்திருக்கும். நுரையீரலைப் பாழாக்குவது பெரும்பாலும் உடம்பின் சொந்தக் கொந்தளிப்புதான். திருடன் வீட்டுக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட பிறகு தெருவில் ரோந்து போய் என்ன லாபம்? நோய் தொடங்கிய முதல் சில நாளிலும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் வீரியமான பிளாஸ்மா ஓரளவு உதவியதாக வேறு ஆய்வுகள் பின்னால் வந்தன. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் மோசமான நிலையில் கிடந்தவர்களுக்கு அது உயிர் காக்கவில்லை. 2021 மே 17இல் ஐசிஎம்ஆர் தன் சிகிச்சை வழிகாட்டியிலிருந்தே பிளாஸ்மாவை நீக்கிவிட்டது.

அந்தச் சகோதரரின் அத்தா மவுத்தானது அதற்குச் சில நாள் முன்பு.

இப்போது என் விஷயம். ஷிஃபாவை அல்லாஹ் அங்கே வைத்தான் என்று எந்த இல்மை வைத்துச் சொன்னேன்? இல்மு இல்லாததன் பின்னால் போகாதே, காதும் கண்ணும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்ற எச்சரிக்கை பனூ இஸ்ராயீல் சூராவின் 36ஆம் வசனத்தில் இருக்கிறது. அதை நானே எத்தனை ஜும்ஆவில் ஓதிக் காட்டியிருக்கிறேன். கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே இருக்கிறது. அக்டோபரில் ஆய்வு வந்தபோது ஒரு திருத்தம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்மைத் திட்டியவர்களுக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்ததே, அதை இழக்க மனசு வரவில்லை. உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரும் கடிதத்தில், நேற்று தந்த தீர்ப்பில் தவறு தெரிந்தால் உண்மையின் பக்கம் திரும்பத் தயங்க வேண்டாம் என்ற பொருளில் அறிவுரை சொல்கிறார்கள். நான் தாமதமாகத் திரும்புகிறேன். அந்த ஆடியோ இன்னும் யாருடைய போனிலாவது இருந்தால் அழித்துவிடுங்கள்.

அப்படியானால் கொடுத்தது வீணா?

இதையும் ஒருவர் கேட்டார். அவருடைய தம்பி பிளாஸ்மா கொடுத்தவர்.

புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஒரு மனிதரின் செய்தி வருகிறது. இன்றிரவு ஸதகா கொடுப்பேன் என்று கிளம்புகிறார். இருட்டில் ஒருவர் கையில் வைத்துவிட்டு வருகிறார். விடிந்தால் ஊரெல்லாம் பேச்சு, திருடனுக்கு ஸதகா கொடுத்தான் என்று. அவர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு மறுபடி கொடுக்கிறார். இரண்டாம் இரவு அது தவறான நடத்தையுள்ள ஒரு பெண்ணிடம் போகிறது. மூன்றாம் இரவு ஒரு பணக்காரனிடம் போகிறது. மூன்று தடவையும் இலக்கு தவறியது. ஆனால் அவருடைய ஸதகா ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அதனால் திருடன் திருட்டை விடலாம், அந்தப் பெண் திருந்தலாம், பணக்காரன் படிப்பினை பெற்றுத் தானும் கொடுக்கலாம் என்றும் வருகிறது.

தம்பியின் பிளாஸ்மா ஒரு நோயாளியைக் காப்பாற்றாமல் போயிருக்கலாம். ஆனால் அது உதவுமா உதவாதா என்று உலகத்துக்குத் தெரிந்ததே, கொடுக்க ஆளிருந்ததால்தான். கொடுத்தவர்கள் இல்லையென்றால் ஆய்வே இல்லை. ஆய்வு இல்லையென்றால் இன்னும் எத்தனை பேர் இரவெல்லாம் பிளாஸ்மாவுக்காகப் போன் போட்டுக்கொண்டிருப்பார்களோ. நிய்யத்துக்கு உரியதை அல்லாஹ்விடம் எதிர்பார்க்கட்டும்.

ராசிபுரம் சகோதரருக்கு நான் என்ன சொன்னேன்? எல்லாம் தக்தீர், ஸப்ர் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் மய்யித் வீட்டில் அதை நூறு பேர் சொல்லியிருப்பார்கள், அவருடைய பாரம் இறங்கவில்லையே. எனவே இந்தக் கணக்கையெல்லாம் அவரிடம் உட்கார்ந்து சொன்னேன். 235 பேர், 229 பேர் என்று எண்ணோடு சொன்னேன். "பாய், நீங்க முதல் நாளே கொண்டு வந்திருந்தாலும் அத்தாவுக்கு அது வித்தியாசம் செஞ்சிருக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. அத நம்ப வச்சது என் ஆடியோ. கியாமத்துல கேள்வி வந்தா அது என்கிட்ட வரணும், உங்ககிட்ட இல்ல. ரெண்டு ராத்திரி தூங்காம அத்தாவுக்காக அலைஞ்சது மட்டும்தான் உங்க கணக்குல இருக்கு" என்றேன். அவர் அழுதார். எதுவும் பேசவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள், இருவரும் தொழுதோம்.

பயன் தரும் பிளாஸ்மா

இதைக் கேட்டுவிட்டு, பிளாஸ்மாவே ஏமாற்று வேலை என்று யாரும் அடுத்த ஆடியோ போட்டுவிடாதீர்கள். நம் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டிலும் கடலைக் காட்டிலும் கண்ணாடி விரியன் கடிக்கிறதே, அந்த விஷம் செய்வது என்ன? சவ்வில் இருக்கும் லெசித்தினை வெட்டுகிறது. பிளாஸ்மாவில் இருக்கும் ஃபைப்ரினோஜனைத் தீர்த்துவிடுகிறது, இரத்தம் உறையாமல் போகிறது. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். அதற்குக் கொடுக்கும் மருந்து எங்கிருந்து வருகிறது? குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் பிளாஸ்மாவில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளை எடுத்துச் செய்வது. அதற்கான விஷத்தைப் பாம்பிடமிருந்து எடுத்துத் தருவதில் முன்னால் நிற்பவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் இருளர் மக்கள்.

கடிபட்டவருக்கு ஸஹாபி ஒருவர் ஃபாத்திஹா ஓதினார்கள் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். ஓதுங்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஓதுங்கள். கடித்த இடத்தைக் கீறி, கட்டுப் போட்டு, மந்திரிப்பவர் வீட்டு வாசலில் 2 மணி நேரம் நிற்காதீர்கள்.

இரத்த தானத்துக்கு வருகிறேன். குடிப்பதற்கு ஹராமான இரத்தம் உயிர் காக்க ஏற்றுவதற்கு எப்படி ஆகும் என்று பழைய கேள்வி ஒன்று உண்டு. நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் ஆகும் என்று உலமாக்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர்போல என்பது அல்மாயிதா சூராவின் 32ஆம் வசனத்தின் கருத்து. விற்பது மட்டும் கூடாது. இரத்தத்தின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியில் வருகிறது. அதன் பொருள் ஹிஜாமா செய்பவரின் கூலியா, இரத்த விற்பனையா என்று விரிவுரையாளர்களிடம் இரண்டு கருத்து உண்டு. ஆனால் இரத்தத்தை விற்பதை யாரும் ஆகுமாக்கவில்லை. நம் நாட்டில் காசுக்கு இரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி முதல் சட்டப்படியும் தடை. 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் விளைவு அது.

நீங்கள் கொடுக்கும் ஒரு பையை மூன்றாகப் பிரிப்பார்கள். சிவப்பணு ஒரு மாதத்துக்குச் சற்று கூடுதலாகத் தாங்கும். தட்டணுக்கள் 5 நாள்தான். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம். பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காத ஒரு தாய்க்கு சிவப்பணுவும் வேண்டும், உறைய வைக்கும் புரதம் உள்ள பிளாஸ்மாவும் வேண்டும். அந்த நேரத்தில் பையோடு தயாராக இருந்தால்தான் உண்டு. ஆள் தேடிப் பிடித்து, எடுத்து, சோதித்து முடிப்பதற்குள் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த ஞாயிறு காலை நம் மதரஸா மண்டபத்தில் அரசு இரத்த வங்கியிலிருந்து வருகிறார்கள். வயது 18 முதல் 65 வரை. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு வராதீர்கள். எந்த மருந்து சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துக் கொடுப்பது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். பெண்களுக்குத் தனித் தடுப்பு உண்டு, நர்ஸம்மா இருப்பார்கள். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் தொழுகை முடிந்ததும் முத்தவல்லியிடம் கொடுங்கள். முதல் பெயர் ராசிபுரத்திலிருந்து வந்துவிட்டது.

யா அல்லாஹ்! அந்த இரண்டு வருடத்தில் எங்களை விட்டுப் போனவர்களின் கப்ருகளை விசாலமாக்குவாயாக. அவர்களுக்காக அலைந்தவர்களின் நெஞ்சிலிருந்து பாரத்தை இறக்குவாயாக. என் நாவால் வந்த தவறை மன்னிப்பாயாக. ஆமீன்.

இரண்டாம் பாங்குக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.